ஈரல் என் வலது கைப் பக்கம்

மருத்துவக் கல்லூரியின் முதல் வருடத்தில் என் வாய் பாஸாகிவிட்டது, விரல்தான் பெயிலானது. ஈரல் எந்தப் பக்கம் என்று கேட்டால், வலது பக்கம், விலா எலும்புகளுக்கு அடியில் என்று கடகடவென்று சொல்லிவிடுவேன். எங்கே, தொட்டுக் காட்டு என்றால் விரல் நேராக இடது பக்கம் போய் நிற்கும். மண்ணீரல் இடது என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விரல் வலது பக்கத்தைக் குத்திக்கொண்டிருக்கும். வாயும் விரலும் ஒரே ஆளுடையவைதானா என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். எனக்கே வந்தது.

நான் படித்த கல்லூரி செங்கல்பட்டுப் பக்கம். அங்கே உடற்கூறு வகுப்பில் ஒரு பிளாஸ்டிக் மனிதர் இருந்தார். தலை உண்டு, கையும் காலும் கிடையாது, இடுப்போடு முடிந்துவிடுவார். நெஞ்சையும் வயிற்றையும் கதவு மாதிரித் திறந்து உள்ளே இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். எத்தனையோ செட் மாணவர்கள் கழற்றி மாட்டியதில் அவருடைய பெருங்குடல் சாயம் போய் வெளுத்திருந்தது. அத்தனை பேருக்கும் வயிற்றைத் திறந்து காட்டிவிட்டு முகம் சுளிக்காமல் நின்றதால் நாங்கள் அவரை அண்ணாத்த என்று கூப்பிடுவோம்.

வயிற்றுப் பகுதி முடிந்ததும் ஒரு வாய்மொழித் தேர்வு. எங்கள் பேராசிரியை அண்ணாத்தயின் வயிற்றைக் காலி செய்து எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், அது என்ன வேலை செய்கிறது, அதற்கு ரத்தம் எந்த வழியாக வருகிறது என்று சொல்ல வேண்டும், சொல்லிக்கொண்டே அதன் இடத்தில் பொருத்த வேண்டும். நான் தைரியமாக ஈரலை எடுத்தேன். பித்தநீர் சுரக்கும், சர்க்கரையைச் சேர்த்து வைக்கும், நஞ்சை முறிக்கும், ரத்தம் உறைவதற்கு வேண்டிய சரக்கையும் இதுதான் தயாரிக்கும் என்று அடுக்கினேன். அடுக்கியபடியே அதை அண்ணாத்தயின் இடது பக்கத்தில் வைத்தேன். உட்காரவில்லை. அழுத்தினேன். இன்னும் அழுத்தினேன். பொருத்துவதற்கான முளை அந்தப் பக்கமே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

"விட்டுடும்மா," என்றார் பேராசிரியை. "அவருக்கு வலிக்கப் போகுது."

இரைப்பைக்கும் அதே கதிதான். மண்ணீரலுக்கும் அதே கதிதான். சிறுநீரகத்தில் மட்டும் தப்பித்தேன், ஏனென்றால் எந்தச் சிறுநீரகம் கொஞ்சம் கீழே இருக்கும் என்ற கேள்விக்கு வாயால் பதில் சொன்னால் போதும். வலது என்றேன். சரி என்றார். அந்தச் சரியும் ஒரு குருட்டு அதிர்ஷ்டம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பேராசிரியை என் எழுத்துத் தேர்வுத் தாளையும் பக்கத்தில் வைத்திருந்தார். அதில் நான் எழுதியதெல்லாம் சரி, வரைந்ததெல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலம் மாறி இருந்தது. தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. "உனக்கு எல்லாம் தெரியுது. பக்கம் மட்டும் தெரியல," என்றார். "பக்கம் தெரியாத டாக்டர்கிட்ட நான் என் வயித்தக் குடுக்க மாட்டேன்."

அடுத்த மாதம் மறுதேர்வு. அதிலும் தோற்றால் பல்கலைக்கழகத் தேர்வு எழுத விடமாட்டார்கள். கூடப் படித்தவர்கள் எல்லாரும் இரண்டாம் வருடம் போவார்கள், நான் அண்ணாத்தயோடு இன்னொரு வருடம் குடும்பம் நடத்த வேண்டும். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. கோவளத்தில் எங்கள் தெருவில் என்னை அதற்குள் டாக்டராக்கிவிட்டிருந்தார்கள். என் அப்பாவின், எங்கள் வீட்டுப் பேச்சில் அத்தாவின், கறிக்கடைக்கு வருகிறவர்கள் கறியோடு சேர்த்துத் தலைவலிக்கும் மாத்திரை கேட்பார்கள். பாப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அத்தாவும் மருந்துக்கடைக்காரர் தோரணையில் சொல்வார். அந்த மனுஷனிடம் போய், உங்கள் பாப்பாவுக்கு இடது எது வலது எது என்று தெரியவில்லையாம் என்று எந்த வாயால் சொல்வது?

இத்தனைக்கும் என் சொந்த இடது வலது எனக்குத் தெரியும். எந்தக் கையால் சாப்பிடுகிறேன் என்று தெரியும். சாலையில் எந்தப் பக்கம் பார்த்துக் கடக்க வேண்டும் என்று தெரியும். எதிரே ஒரு வயிறு வந்து நின்றால்தான் தகராறு. வலது உள்ளங்கையில் மருதாணியால் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு திரிந்தேன். பொட்டு வைத்த கை என் வலது என்று அது நன்றாகவே சொன்னது. அண்ணாத்தயின் வலது எது என்று அது எப்படிச் சொல்லும்?

இந்தச் சமயத்தில் எனக்குக் கைகொடுத்தவள் என் அறைத்தோழி. கூடுவாஞ்சேரிக்காரி. அவள் அப்பா தினமும் மின்சார ரயிலில் சென்னைக்குப் போய் வேலை பார்த்துவிட்டு வருகிறவர். அதனாலோ என்னவோ அவளுக்கு எதைப் படித்தாலும் அதில் ஒரு வழித்தடம் தெரிந்தாக வேண்டும். ரத்தக் குழாய்களைப் படிக்க உட்கார்ந்தால் நான் பெயர்களைப் பார்த்தே மிரண்டுபோவேன். அவள் பெருந்தமனியை, சென்னையிலிருந்து தெற்கே செங்கல்பட்டுக்கு இறங்கி வரும் ஜி.எஸ்.டி. ரோடு என்றாள். நெஞ்சிலிருந்து வயிற்றுக்குள் நேராக இறங்கி வரும் ஒரே பெரிய சாலை அதுதான். முதல் திருப்பத்துக்கு வண்டலூர் என்று பெயர் வைத்தாள். புத்தகத்தில் அதற்குப் பெயர் சீலியாக் தமனி. திரும்பியதுமே அது மூன்றாகப் பிரியும். ஒன்று இரைப்பைக்கு, ஒன்று ஈரலுக்கு, ஒன்று மண்ணீரலுக்கு. மண்ணீரலுக்குப் போகிற கிளை மட்டும் கணையத்தின் மேல் விளிம்போடு வளைந்து நெளிந்து போகும்.

இரண்டாம் திருப்பம் அவளுடைய கூடுவாஞ்சேரி. ஏறக்குறைய சிறுகுடல் முழுவதும், பெருங்குடலில் ஏறி வருகிற பகுதியும், குறுக்கே போகிற பகுதியில் பெரும்பங்கும் அந்த ஒரு கிளையை நம்பித்தான் பிழைக்கின்றன. அதிகக் கூட்டம் எங்கள் ஊரில்தான் என்று அவளுக்குப் பெருமை வேறு. அதைத் தாண்டியதும் ரோட்டின் இரு பக்கமும் எதிரெதிரே பிரிகிற இரண்டு தெருக்கள், சிறுநீரகத்துக்கு ஒன்று ஒன்றாக. மூன்றாம் திருப்பம் செங்கல்பட்டு. பெருங்குடலின் மிச்சம், இறங்கி வருகிற பகுதி, அதற்குக் கீழே இருப்பவை எல்லாம் அந்தக் கடைசிக் கிளையின் பொறுப்பு.

திரும்பி வருகிற வழிதான் எனக்குப் பிடித்தது. உடம்பில் மற்ற இடங்களில் ரத்தம் வேலை முடிந்ததும் நேராக இதயத்துக்குத் திரும்பிவிடும். குடலிலிருந்து வருகிற ரத்தம் அப்படிப் போக முடியாது. இரைப்பை, குடல், கணையம், மண்ணீரல் எல்லாவற்றிலிருந்தும் வருவது போர்ட்டல் சிரை என்ற ஒரே குழாயில் சேர்ந்து, முதலில் ஈரலுக்குள் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் மேலே போகும். நாம் சாப்பிட்ட சாப்பாட்டில் என்ன இருக்கிறது, எதை வைத்துக்கொள்ளலாம், எதை முறிக்க வேண்டும் என்று ஈரல் பார்த்த பிறகுதான் மிச்ச உடம்புக்கு அனுமதி. ஈரலுக்கு வருகிற ரத்தத்தில் பெரும்பங்கு இந்த வழியாக வருவதுதான்.

இப்படியாக ரத்த ஓட்டம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு ஆகிவிட்டது. பக்கம் மட்டும் வரவில்லை. ஒரு சனிக்கிழமை மாலை அவள், உன் வீட்டுக்குப் போய்ப் படிக்கலாம் வா, உன் அத்தா கடையில் நிஜமாகவே ஒரு வயிற்றைப் பார்த்துவிட்டால் உனக்கு வந்துவிடும் என்றாள். நான் பிறந்ததிலிருந்து அந்த வயிற்றைத்தான் பார்க்கிறேன் என்றேன். ஆனாலும் கிளம்பினோம். கேளம்பாக்கத்தில் பேருந்து மாறிக் கோவளத்தில் இறங்கியபோது அவளுக்குக் கடலைப் பார்க்கும் ஆசைதான் முதலில் இருந்தது என்பது தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் கடையைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அறுத்து, தோலை உரித்து, ஆட்டைப் பின்னங்கால்களில் கொக்கி மாட்டித் தொங்கவிடுவார் அத்தா. கால் மேலே, தலைப்பக்கம் கீழே, வயிறு அவரைப் பார்த்திருக்கும். மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. உள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வரும். பக்கத்தில் எவர்சில்வர் பேசினை ஏந்திக்கொண்டு நான் நிற்பேன். கல்லூரிக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்தால் அது என் வேலைதான். ஈரலைக் கையில் எடுத்ததும் அத்தா, "ஏந்திகினியா?" என்று ஒரு தடவை கேட்பார். உம் என்று சொன்னால்தான் அறுப்பார். நான் அவர் பக்கத்திலேயே நின்றாலும் அந்தக் கேள்வியை விட்டதில்லை.

ஈரலில் ஒட்டியிருக்கும் பித்தப்பையை எடுப்பதில்தான் அத்தாவுக்கு இந்தப் பக்கம் பேர். அது கிழிந்து பித்தநீர் கொட்டினால் ஈரல் முழுக்கக் கசந்துவிடும். கொட்டிய ஈரலை யார் வாங்குவார்கள்? ஒரு கையால் ஈரலைப் பிடித்து, மறு கையின் இரண்டு விரலால் பையின் கழுத்தை நெரித்து, சுற்றியிருக்கும் சவ்வோடு சேர்த்து மெதுவாக உரித்து எடுப்பார். அப்போது மட்டும் யார் பேசினாலும் பதில் சொல்ல மாட்டார். பாய் பித்து எடுக்கிறார் என்று வாடிக்கையாளர்களும் சும்மா நிற்பார்கள்.

தோழி முதலில் கொஞ்சம் தள்ளி நின்றாள். பிறகு அவளுக்குள் இருந்த மாணவி விழித்துக்கொண்டாள். இது என்ன, இது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மண்ணீரலை எங்கள் கடையில் சுவரொட்டி என்போம். இரைப்பையின் சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பது. ரத்தம் குறைவு என்று சொல்லிவிட்டால் அதைச் சுட்டுத் தின்னச் சொல்வது இங்கே வழக்கம், அதனால் கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டிலிருந்து முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவார்கள். கிழடு தட்டிய சிவப்பணுக்களை உடைத்து அதிலிருக்கும் இரும்பை மீட்டெடுக்கிற உறுப்பு அது என்பதைப் படித்த அன்று, நம் தெருக்காரர்கள் ஒன்றும் விவரம் தெரியாதவர்கள் இல்லை என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கணையத்துக்கு எங்கள் கடையில் பெயரே இல்லை. செரிமான நீரும் இன்சுலினும் தருகிற அவ்வளவு பெரிய ஆள் கொழுப்போடு கொழுப்பாகப் போய்விடுவார். இரைப்பை என்று எடுத்தால் ஆட்டுக்கு நான்கு அறை. இதையெல்லாம் தோழி தன் போனில் வீடியோ எடுத்துக்கொண்டாள்.

கறிக்கடைக்காரர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி இருக்காது. எல்லாம் விற்றுப்போயிருக்கும். அன்று எங்களுக்குச் சங்கரா மீன் குழம்பு. மத்தியானம் வெகு நேரம் கழித்துத்தான் சாப்பாடு. பாயில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். தோழி போனைத் தனக்கும் எனக்கும் நடுவில் தரையில் வைத்து, சாப்பிட்டுக்கொண்டே காலையில் எடுத்த வீடியோவை ஓட்டினாள். ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, ஈரல் எது என்று கேட்டாள். அவள் பக்கமிருந்து பார்த்தால் ஆடு கடையில் தொங்குகிற மாதிரியே தொங்கிக்கொண்டிருந்தது. எதிர்ப் பக்கம் உட்கார்ந்த எனக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. அதாவது, தலை மேலே, கால் கீழே, நிமிர்ந்து நிற்கிற மனிதன் மாதிரி.

ஈரல் எனக்கு இடது பக்கத்தில் இருந்தது. புத்தகத்தில் இருக்கிற அதே இடத்தில்.

நான் எழுந்து மீன் கையோடு அவள் பக்கம் போய் உட்கார்ந்தேன். ஈரல் வலது பக்கம் வந்துவிட்டது. திரும்ப என் இடத்துக்கு வந்தேன். இடது. மறுபடியும் போனேன். சாப்பாட்டு நேரத்தில் என்ன நாற்காலி விளையாட்டு என்று அம்மா கேட்டார்.

பிறந்ததிலிருந்து நான் பார்த்த வயிறெல்லாம் தலைகீழ் வயிறு. கொக்கியில் தொங்கும் ஆட்டின் வலது பக்கம், எதிரே நிற்கிற என்னுடைய வலது பக்கம். ஈரலை நான் எப்போதும் வலது கைப் பக்கம்தான் ஏந்தினேன், சுவரொட்டியை இடது கைப் பக்கம். நிமிர்ந்து நிற்கிற மனிதன் எதிரே வந்தால் அவன் வலது என் இடது. வாய் புத்தகத்தில் படித்ததைச் சொன்னது, விரல் கடையில் படித்ததைச் செய்தது. சிறுநீரகத்தில் தப்பித்ததன் ரகசியமும் புரிந்தது. ஆட்டுக்கு வலது சிறுநீரகம் தலைப்பக்கம் தள்ளியிருக்கும், தலைகீழாகத் தொங்கும்போது அதுதான் கீழே தெரியும். மனிதனுக்கு மேலே ஈரல் இடத்தை அடைத்துக்கொள்வதால் வலது கீழே இறங்கியிருக்கும். தப்பான கணக்குக்குச் சரியான விடை.

அத்தா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதல் தேர்வில் தோற்றதையும் சேர்த்துத்தான். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். கோபமா, ஏமாற்றமா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அப்ப மிஸ்டேக் ஆட்டு மேலதான் கீது," என்றார். "ஆட்ட நேரா மாட்டுனா குடல் உள்ளயே தங்கிடும். மனுசன வோணும்னா திருப்பிக்க."

அதைத்தான் செய்தேன். அன்று சாயங்காலம் தோழியைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்தேன். முதலில் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் அவள் வலது என் வலது, கடையில் பார்த்த மாதிரியே. விரல் தடுமாறவில்லை. தலைமாட்டிலிருந்து மெல்ல அவளுடைய வலது பக்கமாகச் சுற்றி வந்தேன், ஈரலைத் தொட்ட விரலை எடுக்காமலே. அப்படியே கால்மாட்டுக்கு வந்தேன். விரல் அங்கேயேதான் இருந்தது, நான்தான் சுற்றியிருந்தேன். ஈரல் இப்போது என் இடது பக்கம். திரும்பத் திரும்பச் சுற்றினேன். சிரிப்பை அடக்க முடியாமல் அவள் வயிறு குலுங்கியது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, மீன் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று ஓமத்தண்ணீர் கொண்டு வந்தார். அவளும் மறுக்காமல் வாங்கிக் குடித்தாள்.

மறுதேர்வு நாளில் அண்ணாத்த அதே மேஜையில் காலி வயிற்றோடு நின்றார். ஈரலைக் கையில் எடுத்துவிட்டுப் பேராசிரியையைப் பார்த்தேன். இவரைப் படுக்க வைக்கட்டுமா மேடம் என்று கேட்டேன். அவர் புருவத்தைத் தூக்கினார், வேண்டாம் என்று சொல்லவில்லை. அண்ணாத்தயை மல்லாக்கக் கிடத்தினேன். சுற்றிப்போய் அவர் தலைமாட்டில் நின்றேன்.

பிறகு என் கைகளுக்கு என் உதவி தேவைப்படவில்லை. வலது கைப் பக்கம் ஈரல், அடியில் பித்தப்பை. இடது கைப் பக்கம் மண்ணீரல், அதை ஒட்டி இரைப்பை, இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கணையம். வண்டலூரில் திரும்பி, கூடுவாஞ்சேரியில் திரும்பி, செங்கல்பட்டில் திரும்பினேன், ஊர்ப் பெயர்களை மட்டும் விழுங்கிவிட்டு. கடைசியில் பெருங்குடலைச் சட்டம் போட்ட மாதிரி சுற்றிலும் வைத்தேன். எல்லா முளைகளும் உட்கார்ந்தன.

பேராசிரியை அண்ணாத்தயை நிமிர்த்தி வைத்து, கதவை மூடி, என்னை எதிரே நிற்கச் சொன்னார். ஈரல் எங்கே, மண்ணீரல் எங்கே என்று மூடிய வயிற்றின் மேல் தொட்டுக் காட்டச் சொன்னார். மனசுக்குள் பாயைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுத் தொட்டேன். சரியாக இருந்தது. எதற்குத் தலைமாட்டுக்குப் போனாய் என்று கேட்டார். கறிக்கடை, கொக்கி, பேசின், மீன் குழம்பு எல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஆபரேஷன் தியேட்டர்ல தலைமாட்டுல ஒரு ஸ்டூல் இருக்கும்," என்றார். "மயக்கம் குடுக்கிறவங்க உட்கார்ற ஸ்டூல். அங்கேருந்து பாத்தா எல்லா வயிறும் உனக்கு இப்படித்தான் தெரியும்."

சும்மா சொன்னாரோ என்னவோ. நான் அந்த ஸ்டூலில்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன். ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரம் ஒரு மருத்துவமனை, நான் அங்கே மயக்க மருத்துவர். தோழி குழந்தைகள் மருத்துவராகி கூடுவாஞ்சேரியிலேயே இருக்கிறாள், இன்னமும் எந்த வழியாக வந்தாய் என்றுதான் பேச்சை ஆரம்பிப்பாள்.

போன வருடம் அத்தாவுக்கு வயிற்று வலி வந்தது. எங்கள் பக்கத்தில் வயிற்று வலிக்கு ஒரே பெயர்தான், கேஸ். நெஞ்சு வலித்தாலும் கேஸ், முதுகு பிடித்தாலும் கேஸ். சோடாவில் எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுக் குடித்துவிட்டு ஏப்பம் வந்தால் குணமாகிவிட்டது என்று அர்த்தம். அத்தாவுக்கு ஏப்பம் வந்தது, வலி போகவில்லை. கொழுப்பாக எதையாவது சாப்பிட்டால் வலது விலாவுக்கு அடியில் ஆரம்பித்து வலது தோள்பட்டை வரை இழுத்தது. ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பை நிறையக் கல். வாழ்க்கை முழுக்கப் பித்தப்பையை உடைக்காமல் எடுத்த மனுஷனுக்கு அந்தப் பையே பழுதாகியிருந்தது. அறுவை செய்து எடுத்துவிட வேண்டும் என்றார்கள். அத்தாவைவிட எனக்குத்தான் அதிகம் கலக்கமாக இருந்தது.

என் மருத்துவமனையிலேயே ஏற்பாடு செய்தோம். மயக்க மருந்தை நான் கொடுப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். என் சக மருத்துவர் கொடுத்தார். நான் தலைமாட்டில் அவர் பக்கத்தில் நின்றேன். அத்தா பச்சை அங்கியில் மேஜைமேல் படுத்திருந்தார். கடையில் பார்த்த ஆளுக்குப் பாதியாகத் தெரிந்தார். அறுவை மருத்துவர் இளைஞர், என்னைவிடச் சின்னவர். பயமாக இருக்கிறதா பாய் என்று அத்தாவைக் கேட்டார்.

"பயமெல்லாம் இல்ல டாக்டர். பித்த மட்டும் உடைச்சிடாதீங்க," என்றார் அத்தா. "ஈரல் கசந்துடும்."

அறுவை மருத்துவர் சிரிக்காமல் தலையாட்டினார். அத்தா கண்ணை மேலே உருட்டி என்னைத் தேடினார். "இன்னாம்மா, தலைகீழா தெரியுற," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, எந்தப் பக்கம் என்று இவர்களிடம் சரியாகச் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் அந்தக் கதையை ஒரு தடவைகூட எடுத்ததில்லை. மறந்திருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவர் தலைக்கு மேலே குனிந்து கையை நீட்டி அவர் வயிற்றில் வைத்தேன். யோசிக்கவில்லை, மனசுக்குள் எதையும் சுற்றவில்லை. என் வலது கை, அவருடைய வலது விலாவுக்கு அடியில். அத்தா என் கைமேல் தன் கையை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். அப்புறம் முகமூடியை வைத்தார்கள்.

வயிற்றுக்குள் விட்ட கேமரா வழியாகத் திரையில் ஈரல் தெரிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடையில் பார்க்கிற அதே நிறம், அதே பளபளப்பு. அதன் அடியில் வீங்கிப்போன பை. அதற்குப் போகிற சிறிய தமனி ஈரலுக்குப் போகிற தமனியின் வலது கிளையிலிருந்து பிரிகிறது, எனக்குத் தெரியும், சொல்லச் சொன்னால் தூக்கத்திலும் சொல்வேன். அன்று அதை யாரும் கேட்கவில்லை. அந்தத் தமனிக்கும் பையின் கழுத்துக்கும் கிளிப் போட்டார் அறுவை மருத்துவர். பிறகு ஈரலிலிருந்து பையை மெதுவாக உரித்தார். அந்த நேரத்தில் தியேட்டரில் யாரும் பேசவில்லை.

எடுத்ததை வீட்டு ஆட்களுக்குக் காட்டுவது இங்கே முறை. நர்ஸ் கதவுப் பக்கம் திரும்பி, பேஷண்ட் வீட்டு ஆட்கள் யார் என்று கேட்டுவிட்டு, என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நான் ஒரு எவர்சில்வர் டிரேயை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். பையை அதில் போட்டார்கள். முழுசாக இருந்தது, ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. உள்ளே கற்கள் உரசியது டிரேயைப் பிடித்த கையில் தெரிந்தது.

அத்தாவுக்கு நினைவு திரும்பும்போது பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். நாக்கு இன்னும் குழறியது. வலிக்கிறதா என்று கேட்டேன்.

"உடைஞ்சுதா?" என்றார்.

உடையவில்லை, முழுசாக வந்துவிட்டது என்றேன். தலையை மறுபக்கம் சாய்த்துக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழப் போனேன்.

"யாரு ஏந்துனது?"

"நாந்தான் அத்தா."

"உம்," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.